மூன்றாம் நம்பர் பிளக் மட்டும் ஏன் ஈரமாகிறது?

கேள்வி: ஐயா, வணக்கம். எங்கள் வீட்டில் 1986 மாடல் அம்பாசடர் மார்க் 4 இருக்கிறது. பெட்ரோல் வண்டி, 1489 சிசி. அப்பா தவறிய பிறகு நாலு வருடம் கொட்டகையில் அப்படியே நின்றது. போன தீபாவளிக்குத்தான் பேட்டரி மாற்றி, டேங்க் கழுவி ஓட்ட ஆரம்பித்தேன். தினமும் பிள்ளைகளின் பள்ளிக்கும் கடைத்தெருவுக்கும் இரண்டு மூன்று கிலோமீட்டர், ஞாயிற்றுக்கிழமை சுவாமிமலை, அவ்வளவுதான் ஓட்டம். புதிதாகப் போட்ட நாலு பிளக்கும் 1500 கிலோமீட்டருக்குள் கருத்துவிட்டன. மூன்று பிளக்கில் உலர்ந்த கரி. மூன்றாம் நம்பர் மட்டும் ஈரமாக, எண்ணெய்ப் பசையோடு வருகிறது. வண்டி மிஸ்ஸிங் அடிக்கிறது. அதற்கு மட்டும் ஹாட் பிளக் போடலாம் என்கிறார் மெக்கானிக். நாலையும் இரிடியமாக மாற்றுங்கள் என்கிறார் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர். கம்பெனிக்குக் கம்பெனி நம்பர் வேறாக இருப்பதால் எனக்குத் தலை சுற்றுகிறது. அப்பாவின் தகர டப்பாவில் ஒரு பழைய மைக்கோ பிளக் கிடந்தது. அதில் டபிள்யூ 145 டி 30 என்று இருக்கிறது. நான் எதைப் போடட்டும்? கேப் எவ்வளவு வைக்க வேண்டும்?

கும்பகோணம் வாசகர்

பதில்: தம்பி, வணக்கம். கடையில் போய் நிற்கும்போது கையில் ஒரு நம்பர் இருக்க வேண்டும். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் இன்ஜினுக்கு என்.ஜி.கே.யில் பிபி6இஎஸ், பாஷில் டபிள்யூ7டிசி, சாம்பியனில் என்9ஒய்சி. மூன்றும் ஏறக்குறைய ஒரே பிளக்தான். எது நம்பிக்கையான கடையில் கிடைக்கிறதோ அதில் நாலு வாங்குங்கள். கேப், அதாவது பொறி தாண்டும் இடைவெளி, அங்குலத்தில் ஆயிரத்தில் 25 பங்கு, அதாவது 0.64 மில்லிமீட்டர். வண்டியோடு வந்த புத்தகம் வீட்டில் இருந்தால் ஒருமுறை ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரிடியம் வேண்டாம். மூன்றாம் நம்பருக்கு மட்டும் ஹாட் பிளக், அதுவும் வேண்டாம். அந்த மெக்கானிக் தவறான ஆள் என்று சொல்லவில்லை. நானும் கல்யாண சீசனில் வண்டி அவசரமாகக் கிளம்ப வேண்டும் என்று நிற்கும்போது அதே வேலையைச் செய்து அனுப்பியிருக்கிறேன். ஆனால் நீங்கள் அவசரத்தில் இல்லை. இந்த வண்டியை இன்னும் பத்து வருடம் வைத்துக்கொள்ளும் ஆள் மாதிரி எழுதியிருக்கிறீர்கள்.

முதலில் நம்பர் குழப்பத்தைத் தீர்ப்போம். தமிழில் எழுதும்போது ஒரு சங்கடம், இரண்டு பி-யும் ஒன்றுபோல நிற்கும். என்.ஜி.கே. பிளக்கில் முதல் பி பெங்களூருக்கு வரும் பி. மரை 14 மி.மீ. அகலம் என்று அதற்குப் பொருள். இரண்டாவது பாண்டிச்சேரிக்கு வரும் பி. வெள்ளைப் பீங்கான் மூக்கு இரும்பு உடலைத் தாண்டிக் கொஞ்சம் வெளியே நீட்டியிருக்கிறது என்று பொருள். 6 என்பது சூட்டு எண்; நுனி சூட்டைத் தேக்கும் ‘ஹாட்’ பிளக்கா, சீக்கிரம் விட்டுவிடும் ‘கூல்’ பிளக்கா என்று காட்டுவது. இ என்றால் மரைப்பகுதியின் நீளம் 19 மி.மீ. கடைசி எஸ், செம்பு உள்ளீடு வைத்த சாதாரண எலக்ட்ரோடு. பாஷின் டபிள்யூ, 14 மி.மீ. மரையையும் உங்கள் பழைய பிளக் ஸ்பேனர் உட்காரும் 20.8 மி.மீ. அறுகோணத்தையும் சேர்த்துச் சொல்கிறது. 7 சூட்டு எண். டெல்லிக்கு வரும் டி, 19 மி.மீ. நீளத்தையும் நீட்டிய மூக்கையும் சேர்த்துச் சொல்கிறது. சி செம்பு. நடுவில் ஓர் ஆர் சேர்ந்திருந்தால் உள்ளே ரெசிஸ்டர் வைத்த பிளக். ரேடியோவில் கரகரப்பு வராமல் இருக்க அது; டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் பாயிண்ட் வைத்த உங்கள் வண்டிக்கு இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. பாயிண்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் மாற்றியிருந்தால் ஆர் இருப்பதையே வாங்குங்கள்.

உங்களுக்குத் தலை சுற்றியது இந்தச் சூட்டு எண்ணில்தான். என்.ஜி.கே.யில் எண் ஏற ஏற பிளக் கூல் ஆகும். பாஷிலும் சாம்பியனிலும் எண் ஏற ஏற ஹாட் ஆகும். ஆகவே என்.ஜி.கே.யின் 6-க்கு பாஷின் 7 சமம். ஒரு படி ஹாட் வேண்டுமென்றால் அங்கே 5, இங்கே 8. கவுண்டரில் போய் “ஒரு நம்பர் கூட்டிக் குடுங்க” என்று கேட்டால் எந்தக் கம்பெனி டப்பாவில் கடைக்காரர் கை விழுகிறதோ அதைப் பொறுத்து நேர் எதிரான சாமான் வீட்டுக்கு வரும். பிளக் வாங்கும்போது நம்பரைச் சுருக்காதீர்கள். பழைய பிளக்கையே பையில் போட்டுக்கொண்டு போங்கள்.

இப்போது அப்பாவின் தகர டப்பா. மைக்கோ என்பது 1951-ல் தொடங்கிய பெங்களூர் கம்பெனி. 2008-ல் பெயரை பாஷ் என்றே மாற்றிக்கொண்டது. என் வயதுக்காரர்களுக்கு இன்னமும் ‘மைக்கோ பிளக்’ என்றால்தான் வாய்க்கு வரும். அந்தக் காலத்து எண் முறையில் மூன்று இலக்கம் வரும், அதுவும் தலைகீழாக: எண் பெரிதானால் கூல். பழைய 175 இன்றைய 7. பழைய 145 இன்றைய 8. டாட்டாவுக்கு வரும் டி-யும் 30-ம் சேர்ந்தால் 19 மி.மீ. நீளம், நீட்டிய மூக்கு. ஆக அப்பா வைத்திருந்தது இன்றைய டபிள்யூ8டி வகை. நான் மேலே சொன்னதைவிட ஒரு படி ஹாட். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதற்குத் திரும்ப வருகிறேன்.

மரை அகலமும் நீளமும் பேரம் பேசக்கூடிய விஷயமில்லை. சூட்டு எண்ணில் ஒரு படி இப்படி அப்படி ஆனால் வண்டி புகார் செய்யும். நீளத்தில் தவறினால் புகார் செய்யாது, உடைந்துவிடும். நான் தொழில் பழகிய புதிதில் பட்டறைக்கு ஒரு பழைய இங்கிலீஷ் கார் வந்தது. அதன் ஹெட்டில், அதாவது சிலிண்டர்களின் மேல்மூடியில், பிளக் துவாரம் அரை அங்குலம், 12.7 மி.மீ. நீளம்தான். அலமாரியில் இருந்தது அம்பாசடர் பிளக். மரை கச்சிதமாக ஏறியது, எனக்கு சந்தோஷம். நாலையும் இறுக்கிவிட்டேன். ஆறு மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே துருத்திக்கொண்டு நின்றிருக்கிறது என்று எனக்கு எங்கே தெரியும்? நல்ல வேளையாக எங்கள் பட்டறை பாய் எந்த வண்டியையும் முதலில் ஸ்டார்ட்டரில் தட்ட விடமாட்டார். ஹேண்டில் போட்டுக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்க்கச் சொல்வார். கால் சுற்றில் ‘டக்’ என்று நின்றது. கழற்றினால் ஒரு பிளக்கில் கேப்பே இல்லை. பிஸ்டன் வந்து அழுந்தச் சாத்திவிட்டிருந்தது. பாய் ஒன்றும் திட்டவில்லை. அந்தப் பிளக்கைக் கயிற்றில் கட்டி என் டூல்ஸ் பெட்டி மூடியில் தொங்கவிட்டார். ஆறு மாதம் தொங்கியது.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. நீளத் துவாரத்தில் குட்டைப் பிளக் போட்டால் வண்டி ஓடத்தான் செய்யும். வெறுமையாக நிற்கும் மரையில் கரி ஏறிக் கல்லாகிவிடும். பிறகு சரியான பிளக்கைப் போடப் போனால் ஹெட் மரை பிய்ந்துகொண்டு வரும். உங்கள் வண்டியில் இப்போது மாட்டியிருப்பது எது என்று ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள்: வாஷர் உட்காரும் இடத்திலிருந்து மரை முடிகிற இடம் வரை 19 மி.மீ.

ஹாட், கூல் என்றதும் ‘ஹாட் பிளக் என்றால் தீப்பொறி சூடாக வரும்’ என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். பொறிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பீங்கான் மூக்கு எரியறையிலிருந்து வாங்கும் சூட்டை எவ்வளவு சீக்கிரம் இரும்பு உடலுக்குக் கடத்தி ஹெட்டில் விட்டுவிடுகிறது என்பதுதான் கணக்கு. மூக்கு நீளமாக, உடலைத் தொடும் இடம் ஆழத்தில் இருந்தால் சூடு நுனியிலேயே தங்கும்: ஹாட். மூக்கு குட்டையாக இருந்தால் சூடு சீக்கிரம் இறங்கிவிடும்: கூல். தோசைக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். கல் காயாவிட்டால் மாவு ஒட்டிக்கொள்ளும். அளவாகக் காய்ந்தால் தானே விட்டு வரும். பிளக் நுனி சுமார் 450 டிகிரி செல்சியஸைத் தொட்டால்தான் மேலே படிந்த கரியைத் தானே எரித்துக்கொள்ளும். 850 டிகிரியையும் தாண்டிப் போனால் பொறி வருவதற்கு முன்பே நுனியின் சூட்டில் கலவை பற்றிக்கொள்ளும். அப்படி ஓட்டினால் பிஸ்டன் தலையில் ஓட்டை விழும். நல்ல பிளக் என்பது உங்கள் ஓட்டத்தில் இந்த இரண்டு எல்லைக்குள் நிற்கும் பிளக். விலைக்கும் இதற்கும் தொடர்பில்லை.

இனி உங்கள் மூன்றாம் நம்பர். நீங்கள் ‘ஈரம்’ என்று எழுதியதுதான் எனக்குக் கிடைத்த முதல் நூல்முனை. உலர்ந்த, விரலில் மை போல ஒட்டும் கரி என்றால் பெட்ரோல் அதிகம் அல்லது சூடு போதவில்லை. ஈரமாக, பளபளப்பாக, எண்ணெய் வாடையோடு இருந்தால் ஆயில் உள்ளே வருகிறது. ஈரம் பெட்ரோலா ஆயிலா என்று சந்தேகமிருந்தால் பிளக்கை வெயிலில் ஒரு மணி நேரம் வையுங்கள். பெட்ரோல் பறந்துவிடும், ஆயில் அப்படியே இருக்கும்.

இந்த இன்ஜினின் ஹெட்டில் ஒரு வசதி இருக்கிறது. இது இங்கிலாந்தின் பி.எம்.சி. கம்பெனியின் பழைய பி சீரிஸ் அமைப்பு. மேற்கு வங்கத்து உத்தரபாராவில் செய்த அம்பாசடர்களில் பல பத்தாண்டுகள் அதே ஜாடையில் வந்தது. நாலு சிலிண்டருக்கு, கலவை உள்ளே வரும் இன்லெட் வழி நாலு கிடையாது, இரண்டுதான். ஒன்றும் இரண்டும் ஒரு வழியில் மூச்சு வாங்கும், மூன்றும் நாலும் இன்னொரு வழியில். ஆகவே கார்பரேட்டர் பெட்ரோலை அள்ளி ஊற்றினால் மூன்றும் நாலும் சேர்ந்துதான் நனையும். கொஞ்சம் ஏற்றத்தாழ்வு இருக்கலாம். ஆனால் நாலாம் நம்பர் உலர்ந்து மூன்றாம் நம்பர் மட்டும் எண்ணெயில் குளிக்காது. அதனால்தான் கார்பரேட்டரில் தேட வேண்டாம் என்கிறேன். கோளாறு மூன்றாம் சிலிண்டருக்குள்ளோ அதன் வயரிலோ இருக்கிறது.

வயரா, சிலிண்டரா, பிளக்கா என்று பிரித்துப் பார்க்கக் காசு செலவில்லை. நாலு பிளக்கையும் கழற்றி, ஓர் அட்டையில் நாலு ஓட்டை போட்டு வரிசையாகச் சொருகி வையுங்கள். துடைத்துவிட்டு ஒன்றாம் நம்பர் பிளக்கை மூன்றிலும், மூன்றாம் நம்பர் பிளக்கை ஒன்றிலும் மாட்டி நூறு கிலோமீட்டர் ஓட்டுங்கள். ஈரம் பிளக்கோடு ஒன்றாம் நம்பருக்கு நகர்ந்துவிட்டால் அந்தப் பிளக்தான் குற்றவாளி, தூக்கிப் போடுங்கள். பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் இப்படி ஆகும். ஈரம் மூன்றிலேயே தங்கினால் அடுத்து அந்தப் பிளக்குக்கு மின்சாரம் கொண்டுவரும் எச்.டி. வயரை மாற்றிப் பாருங்கள். பொறி வராத சிலிண்டரிலும் எரியாத பெட்ரோல் பிளக்கை நனைக்கும். வாடையில் வித்தியாசம் தெரியும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் பச்சைப் பூசணம் பிடித்திருக்கிறதா, மெல்லிய கரிக்கோடு ஓடியிருக்கிறதா என்றும் டார்ச் அடித்துப் பாருங்கள். நாலு வருடம் கொட்டகையில் நின்ற வண்டி. காவிரிக் கரை ஈரம் வேறு.

இரண்டும் சரி, ஈரம் ஆயில்தான் என்றால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், பார்க்கச் சொல்லுங்கள். சூடான இன்ஜினில், நாலு பிளக்கும் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி. நாலு எண்ணும் நூற்றுக்குப் பத்து பதினைந்துக்குள் ஒத்துப் போக வேண்டும். மூன்றாம் நம்பர் மட்டும் குறைந்தால் அந்தத் துவாரத்தில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வ் உட்காரவில்லை. நாலும் ஒரே மாதிரி வந்து, அப்படியும் மூன்றில் ஆயில் இருந்தால் எனக்கு சந்தோஷம், உங்களுக்கும் செலவு மிச்சம். வால்வ் தண்டில் இருக்கும் சின்ன ரப்பர் சீல் காய்ந்திருக்கும். நின்ற வண்டிகளில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். இதற்குப் புகையிலும் அடையாளம் உண்டு. சிக்னலில் ஐந்து நிமிடம் ஐடிலில் நின்றுவிட்டுக் கிளம்பும்போது மட்டும் பின்னால் நீலப் புகை ஒரு வீச்சு வந்து நின்றுவிட்டால் சீல் அல்லது வால்வ் தண்டு ஓடும் கைடு. மலைப்பாதை போல இழுத்து ஏறும்போது தொடர்ந்து வந்தால் ரிங்.

சீலை மாற்ற ஹெட்டை இறக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் சம்மதித்துவிடாதீர்கள். பிஸ்டனைக் கீழே இறக்கி, பிளக் துவாரம் வழியாகப் பருத்திக் கயிற்றை நிறைய உள்ளே விட்டு, ஹேண்டிலால் பிஸ்டனை மெதுவாக மேலே கொண்டுவந்தால் கயிறு வால்வைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளும். மேலே வால்வை அமுக்கும் ராக்கரைக் கழற்றி ஸ்பிரிங்கை அமுக்கி சீலை மாற்றிவிடலாம். கயிற்றின் நுனி வெளியே இருக்க வேண்டும், அது மட்டும் முக்கியம். மொத்தக் கயிறும் உள்ளே போய்விட்டால் நீங்கள் ஹெட்டை இறக்கத்தான் வேண்டும்.

இப்போது தெரியும் ஏன் மூன்றாம் நம்பருக்கு மட்டும் ஹாட் பிளக் வேண்டாம் என்றேன் என்று. போட்டால் வேலை செய்யும். ஆயிலைச் சுட்டுக்கொண்டு ஒரு வருடம்கூட ஓடும். அந்த ஒரு வருடமும் ஆயில் இறங்கிக்கொண்டே இருக்கும், நீங்கள் பிளக்கைக் கழற்றிப் பார்த்தாலும் அது உங்களுக்குத் தெரியாது.

மற்ற மூன்று பிளக்கில் இருக்கும் உலர்ந்த கரி வேறு கதை. அதற்குக் காரணம் பாதி உங்கள் ஓட்டம். இரண்டு கிலோமீட்டரில் இந்த இரும்பு இன்ஜின் சூடே ஏறாது. காலையில், கலவையில் பெட்ரோலைக் கூட்டும் சோக்கை இழுத்துக் கிளப்பி, சோக்கை உள்ளே தள்ளுவதற்குள் பள்ளிக்கூடம் வந்துவிடும். எஸ்.யு. கார்பரேட்டராக இருந்தால் சோக் கேபிளை உள்ளே தள்ளிய பிறகு கீழே பெட்ரோல் வரும் ஜெட் முழுக்க மேலே ஏறி உட்காருகிறதா என்று குனிந்து பாருங்கள். நாலு வருடத் தூசியில் அது பாதியில் நின்றுகொள்ளும். விரலால் தள்ளினால் ஏறும். ஏறினால் கோளாறு கிடைத்துவிட்டது. ஏர் கிளீனரையும் தட்டிப் பாருங்கள்.

இன்னொன்று, நம் ஊர் மெக்கானிக்குகள் மேல் எனக்கு இருக்கும் நெடுநாள் வருத்தம். வண்டி கொதிக்கிறது என்று ஒருமுறை வந்தால் போதும், இன்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிடுவார்கள். அதன் பிறகு அந்த இன்ஜின் ஆயுசுக்கும் சரியான சூட்டுக்கு வருவதே இல்லை. ரேடியேட்டர் மூடி வெயிலில் சுடுவதைப் பார்த்து ஏமாற வேண்டாம். காலையில் ஸ்டார்ட் செய்த உடனேயே மேல் ஹோஸில் தண்ணீர் ஓடி, அது கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுப்பானால் உள்ளே தெர்மோஸ்டாட் இல்லை. இருந்தால் சில நிமிடம் குளிர்ந்தே இருந்து, பிறகு திடீரென்று சூடாகும். இல்லையென்றால் வாங்கிப் போடுங்கள். பிளக்கை மாற்றுவதைவிட அது பெரிய வைத்தியம்.

மாதம் ஒருமுறையாவது சுவாமிமலையோடு திரும்பாமல் தஞ்சாவூர் வரை ஒரு நாற்பது கிலோமீட்டர் ஓட்டுங்கள். பிளக் நிறம் பார்ப்பதும் அந்த ஓட்டத்துக்குப் பிறகுதான். வீட்டு வாசலில் பத்து நிமிடம் ஐடிலில் விட்டுக் கழற்றினால் எந்த நல்ல பிளக்கும் கறுப்பாகத்தான் தெரியும். காலி ரோட்டில் ஒரே வேகத்தில் போகும்போதே கிளட்சை மிதித்து, சாவியை உருவாமல் இன்ஜினை மட்டும் நிறுத்தி, ஓரம்கட்டிக் கழற்றுங்கள். அப்போது தெரிவதுதான் நிஜ நிறம்.

அந்த நிறத்திலும் ஒரு சேதி. பழைய புத்தகங்களில் ‘பிஸ்கட் நிறம்’ என்று போட்டிருக்கும். அது ஈயம் கலந்த பெட்ரோல் காலத்துக் கணக்கு. 2000 பிப்ரவரியோடு நாடு முழுக்க ஈயப் பெட்ரோல் நின்றுவிட்டது. இப்போது நீங்கள் போடுவதில் 20 சதவீதம் எத்தனால். எத்தனாலிலேயே ஆக்ஸிஜன் இருப்பதால் கார்பரேட்டர் வண்டியில் கலவை கொஞ்சம் மெலிந்துதான் எரியும். பீங்கான் முன்பைவிட வெளுப்பாகத் தெரியும். எல்லாம் சரியாகி ஓட ஆரம்பித்ததும் பிளக் சுண்ணாம்பு வெள்ளையாக வந்து, வண்டி பிக்கப்பில் திணறினால், எஸ்.யு. கார்பரேட்டரில் ஜெட்டின் கீழே இருக்கும் ஆறுபட்டை நட்டை ஒரு பட்டை, இரண்டு பட்டை கீழே திருப்பிக் கலவையைச் செழிக்க விடுங்கள். பழைய ரப்பர் பெட்ரோல் ஹோஸை எத்தனால் கரைக்கும், அதையும் கையோடு மாற்றிவிடுங்கள். அது பிளக் விஷயமில்லை. ஆனால் வண்டி தீப்பிடிக்கிற விஷயம்.

இரிடியம் ஏன் வேண்டாம்? கெட்ட சாமான் இல்லை. நடு எலக்ட்ரோடு அரை மில்லிமீட்டர் அளவுக்கு ஊசியாக இருப்பதால் குறைந்த வோல்டேஜிலேயே பொறி தாண்டும். உலோகம் 2400 டிகிரிக்கு மேல்தான் உருகும், ஆகவே சீக்கிரம் தேயாது. கழற்றவே முடியாத மூலையில் பிளக் வைத்து, லட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றினால் போதும் என்று கட்டிய புது வண்டிகளுக்கு அது பொருத்தம். உங்கள் வண்டியில் பானட்டைத் தூக்கினால் நாலும் கைக்கு எட்டும் வரிசையில் நிற்கின்றன. உங்கள் பிளக் தேய்ந்து சாகவில்லை, ஆயிலில் மூழ்கிச் சாகிறது. ஆயிலில் மூழ்கினால் இரிடியமும் செத்துத்தான் போகும். பிரஷ் போட்டுச் சுத்தம் செய்யப் போனால் அந்த ஊசி முனை போய்விடும். ஓர் இரிடியம் வாங்கும் காசில் சாதாப் பிளக் நாலைந்து வாங்கலாம்.

கேப் விஷயத்தில் யாராவது 1.1 மி.மீ. வையுங்கள், எரிப்பு நன்றாக இருக்கும் என்பார்கள். அது எலக்ட்ரானிக் இக்னிஷன் வண்டிக்கு. பாயிண்டும் பழைய காயிலும் வைத்த வண்டியில் கேப் கூடினால், இழுத்து ஏறும்போது பொறி தாண்டத் திணறி மிஸ்ஸிங் அடிக்கும். 0.64 போதும். புதுப் பிளக்கும் டப்பாவிலிருந்து அப்படியே மாட்டக்கூடியதில்லை, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். திருத்த வேண்டுமானால் பக்கக் கொம்பை மட்டும் வளையுங்கள். நடு எலக்ட்ரோடில் ஸ்க்ரூ டிரைவரை ஊன்றி நெம்பினால் பீங்கான் விரிசல் விடும். பாயிண்ட் கேப்பையும் அன்றைக்கே பாருங்கள். அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு, அதாவது 0.38 மி.மீ. காயிலை யாராவது மாற்றியிருந்தால் அதன் இரண்டு சின்ன வயர்களும் இடம் மாறியிருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மாறியிருந்தாலும் வண்டி ஓடும். பொறிக்கு மட்டும் வீணாகக் கூடுதல் வோல்டேஜ் தேவைப்படும்.

மாட்டும்போது இன்ஜின் ஆறியிருக்கட்டும். பிளக் குழியில் இருக்கும் மண்ணை ஊதிவிட்டுக் கழற்றுங்கள், இல்லையென்றால் அத்தனையும் உள்ளே விழும். புதுப் பிளக்கைக் கையாலேயே கடைசி வரை திருகுங்கள். வாஷர் உட்கார்ந்ததும் ஸ்பேனரில் அரைச் சுற்று, கொஞ்சம் கூடினால் மூன்றில் இரண்டு பங்குச் சுற்று. ஏற்கெனவே போட்ட பிளக் என்றால் வாஷர் நசுங்கியிருக்கும், லேசாக ஓர் இறுக்கு போதும். ஸ்பேனரில் பைப் சொருகி ஏறி மிதிக்கிற ஆளிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். கருத்த பிளக்கைக் கேஸ் அடுப்பில் சுட்டுப் போடுகிற வைத்தியமும் வேண்டாம். அதில் பீங்கான் தான் வெடிக்கும்.

போலிப் பிளக்கும் மார்க்கெட்டில் திரிகிறது. பீங்கானில் எழுத்து நகத்தால் சுரண்டினால் வருகிறதா, பக்கக் கொம்பு நடு எலக்ட்ரோடுக்கு நேராக நிற்கிறதா, மரை சொரசொரப்பாக இருக்கிறதா என்று கவுண்டரிலேயே பாருங்கள். பில் கேளுங்கள். பில் தர யோசிக்கிற கடையில் வாங்க வேண்டாம்.

இனி அப்பாவின் பிளக்குக்கு வருகிறேன். ஆயில் நின்று, சோக் சரியாகி, தெர்மோஸ்டாட் உட்கார்ந்த பிறகும் நீங்கள் பள்ளிக்கூடம், கடைத்தெரு என்று மட்டுமே ஓட்டினால் நாலு பிளக்கிலும் ஒரே மாதிரி உலர்ந்த கரி மெல்ல ஏறத்தான் செய்யும். அப்போது நாலையும் சேர்த்து ஒரு படி ஹாட்டுக்குப் போங்கள்: பிபி5இஎஸ் அல்லது டபிள்யூ8டிசி. கம்ப்ரஷன் குறைவான, நிதானமான இன்ஜின் இது. ஒரு படிக்குத் தாங்கும். இரண்டு படி போக வேண்டாம். சித்திரை வெயிலில் ஆறு பேரை ஏற்றிக்கொண்டு நீண்ட தூரம் போகும்போது இன்ஜின் தட்டும் சத்தம் கேட்டாலோ, கழற்றினால் பீங்கான் வெளுத்துப் பொரிந்திருந்தாலோ பழையபடி 6-க்கு வந்துவிடுங்கள். அப்பாவும் இதே கும்பகோணம் தெருக்களில்தான் ஓட்டியிருப்பார். அவரோ அவருடைய மெக்கானிக்கோ யோசித்துத்தான் 145 வாங்கி வைத்திருக்கிறார்கள்.

கம்ப்ரஷன் எண்கள் நாலும் கிடைத்ததும் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன். அந்தத் தகர டப்பாவை இன்னொரு முறை கிளறிப் பாருங்கள் தம்பி. நம்பர் பார்த்துப் பிளக் வாங்கி வைத்தவர், அடியில் எங்காவது ஒரு ஃபீலர் கேஜும் போட்டு வைத்திருப்பார்.